சந்தைக் கணக்கும் கரும்பலகைக் கணக்கும்: தொடக்கப் பள்ளியில் வாழ்க்கைசார் கற்றல் குறித்த விவாதங்கள்

ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவருக்கு வயது என்ன? 1980 வாக்கில் பிரான்சின் கிரெனோபிள் நகரக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் 97 பேரிடம் கொடுத்தார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு கணக்குப் போட்டு விடை எழுதினார்கள். இதற்கு விடை காண வழியில்லை என்று சொன்னவர்கள் சிறுபான்மையினர்.

இந்தக் குழந்தைகளுக்கு அறிவில்லை என்று ஒதுக்கிவிட முடியாது. பள்ளி பழக்கிய ஒழுங்கை அவர்கள் வழுவாமல் பின்பற்றியிருக்கிறார்கள். கேள்வி என்று ஒன்று வந்தால் அதற்கு விடை இருந்தே தீரும், கொடுத்த எண்களையெல்லாம் பயன்படுத்த வேண்டும், கேட்பவரைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்பதே அந்த ஒழுங்கு. பள்ளிப் படிப்பு வாழ்க்கையிலிருந்து துண்டுபட்டுக் கிடக்கிறது என்று இரண்டரை நூற்றாண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் குறைக்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைப்பது அரிது. அதற்குச் சொல்லப்படும் பரிகாரமும் அதே அளவு பழையது: வெளியுலகை வகுப்புக்குள் கொண்டுவாருங்கள், கடையிலும் வயலிலும் அஞ்சலகத்திலும் மனிதர்கள் மெய்யாகவே செய்யும் வேலைகளைக் கொண்டு எண்ணையும் எழுத்தையும் கற்பியுங்கள்.

பரிகாரம் பலிக்கிறதா, பலித்தால் யாருக்கு, எந்த நிபந்தனைகளில் என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள். சான்றுகள் அடர்த்தியாகக் கிடைப்பது கணக்குப் பாடத்தில் என்பதால் விவாதமும் அதையே மிகுதியாகச் சுற்றிவருகிறது.

ஒரே பெயரில் மூன்று செயல்கள்

இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம், வெவ்வேறு செயல்களுக்கு ஒரே பெயர் இடுவதால் வருகிறது. புளியங்கொட்டைகளையும் தீக்குச்சிக் கட்டுகளையும் வைத்துப் பத்து, நூறு என்று எண்ணச் செய்வது ஒன்று. இங்கே குழந்தையின் கை வேலை செய்கிறது. ஆனால் வெளியுலகத்தில் யாரும் அப்படி எண்ணுவதில்லை. வகுப்பில் கடை வைத்து, அட்டையில் வெட்டிய ரூபாய் நோட்டுகளைக் கொண்டு வாங்கி விற்பது இன்னொன்று. அது வாழ்க்கையைப் போலச் செய்து பார்ப்பது. கணக்குத் தவறினாலும் யாருக்கும் நட்டமில்லை. பள்ளி வாசலில் உள்ள குழாயில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் தண்ணீர் வீணாகிறது என்று அளந்து, ஊராட்சித் தலைவருக்குக் கடிதம் எழுதி, பதிலுக்குக் காத்திருப்பது மூன்றாவது. அதில் கணக்குக்கும் எழுத்துக்கும் பள்ளிச் சுவருக்கு வெளியே ஒரு விளைவு உண்டு.

அமெரிக்கக் கல்வியாளர் ஃப்ரெட் நியூமன் 1990களில் வகுத்த அளவுகோல் இந்த மூன்றாவதற்கு நெருக்கமானது. குழந்தை தானே அறிவைக் கட்டியெழுப்ப வேண்டும், ஒரு துறைக்குரிய முறையோடு ஆராய வேண்டும், விளைவதற்கு மதிப்பெண்ணைத் தாண்டிய மதிப்பு இருக்க வேண்டும் என்று அவர் மூன்று நிபந்தனைகள் வைத்தார். முதல் வகைச் செயலுக்குக் கிடைத்த ஆய்வு முடிவைக் காட்டி மூன்றாம் வகைக்கு வாதாடுவதும், மூன்றாம் வகையின் தோல்வியைக் காட்டி முதல் வகையை நிராகரிப்பதும் இத்துறையில் அடிக்கடி நடக்கிறது.

பழைய விடைகள்

1762இல் வெளிவந்த ரூசோவின் 'எமீல்' நூலே இந்தச் சிந்தனைக்குத் தொடக்கப்புள்ளியாகக் காட்டப்படுவது வழக்கம். சொல்லுக்கு முன் பொருள் என்ற அவருடைய கொள்கையைப் பெஸ்டலோட்சி வகுப்பறை முறையாக்கினார். ஆனால் தொடக்கப் பள்ளியின் பாடத்திட்டத்தையே தொழில்களைச் சுற்றி அமைத்துப் பார்த்தவர் ஜான் டூயி. 1896இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய சோதனைப் பள்ளியில் சமையல், நெசவு, தச்சு ஆகியவற்றின் ஊடாக வேதியியலும் வரலாறும் கணக்கும் கற்பிக்கப்பட்டன. அவருடைய மாணவர் வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய 'செயல்திட்ட முறை' என்ற கட்டுரை, குழந்தை மனமார ஈடுபடும் எந்த நோக்கமுள்ள செயலையும் கல்வியின் அலகாக உயர்த்தியது. இந்தத் தளர்ச்சியை டூயி ஏற்கவில்லை. எல்லா அனுபவமும் ஒரேபோலக் கல்வி தருவதில்லை, சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்பதையே தடுத்துவிடும் என்று 1938இல் அவர் எழுதினார். அவர் பெயரைச் சொல்லி நடக்கும் பல முயற்சிகள் இந்த எச்சரிக்கையைக் கண்டுகொள்வதில்லை.

இந்தியாவில் இதே கேள்விக்குக் காந்தி அளித்த விடை மேலும் துணிச்சலானது. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, ஏழாண்டுக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழி, ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்ட பாடம் ஆகியவற்றை ஏற்றது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. நூற்புக்குத் துணையாகப் பருத்தியின் புவியியல், நூலின் நீளக் கணக்கு, துணியின் வரலாறு என்று பாடங்கள் இணைக்கப்பட்டன. குழந்தைகள் செய்யும் பொருள்களின் விற்பனையிலிருந்தே ஆசிரியர் ஊதியத்தை ஈட்டலாம் என்ற யோசனைதான் திட்டத்தின் வலுவற்ற கண்ணி. விற்பனை முக்கியமானால் கற்றல் பின்னுக்குப் போகும், குழந்தையின் உழைப்பு வருமானக் கணக்கில் சேர்ந்துவிடும் என்ற ஆட்சேபம் அன்றே எழுந்தது. இத்திட்டப்படி நடந்த ஆதாரக் கல்விப் பள்ளிகள் பல பத்தாண்டுகள் இயங்கியும், பொதுப் பள்ளிகளின் இடத்தை அவற்றால் பிடிக்க முடியவில்லை.

இந்த வரலாற்றை ஐரோப்பாவிலிருந்தே தொடங்குவோர் விட்டுவிடும் பக்கம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. காலனிய ஆட்சி வேரூன்றும் முன் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தரப்பட்ட பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று ஆகியவை பொன் எடை, தானிய முகத்தல், நில அளவு என்று ஊரின் அன்றாடப் பொருளாதாரத்திலிருந்து எடுத்தவை. முந்திரி, காணி, மா என்ற பின்னங்கள் களத்துமேட்டிலும் கணக்குப்பிள்ளையின் ஓலையிலும் புழங்கியவை. அதே நேரத்தில் கற்பித்த முறையோ மனப்பாடம்; கூட்டமாக ஓதி, திரும்பத் திரும்பச் சொல்லி நினைவில் பதிப்பது. இந்த மரபை விரிவாக ஆராய்ந்த செந்தில் பாபு, அந்த நினைவாற்றல் பயிற்சி வெறும் உருப்போடலாக நில்லாமல் கணக்குத் தீர்க்கும் திறனோடு பிணைந்திருந்ததை எடுத்துக்காட்டுகிறார். வாழ்க்கைசார் கல்வி ஒரு பக்கம், மனப்பாடம் எதிர்ப்பக்கம் என்று இன்று இயல்பாகக் கருதும் பிரிவினை எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இது வலுவான சான்று. அந்தத் திண்ணைகளில் எல்லாச் சாதிக் குழந்தைகளுக்கும் இடமிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தேங்காய் விற்ற சிறுவன்

1985இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த விவாதத்தை வேறு தளத்துக்கு மாற்றியது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் பெற்றோருக்குத் துணையாகப் பண்டம் விற்றுக்கொண்டிருந்த 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பேரிடம், தெரெசின்யா நூனெஸ் கேராஹர், டேவிட் கேராஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் வாடிக்கையாளர்களாகப் போய்ப் பொருள் வாங்கினார்கள். மொத்தவிலை, மீதிச் சில்லறை என்று கேட்ட கேள்விகளில் 98.2 விழுக்காட்டுக்குச் சரியான விடை வந்தது. பிறகு அதே வகைக் கணக்குகளைத் தாளும் பென்சிலும் கொடுத்துச் செய்யச் சொன்னார்கள். கதையோடு கூடிய கணக்குகளில் 73.7 விழுக்காடு சரி. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 36.8 விழுக்காடுதான் சரி.

விழுக்காட்டைவிட வழிமுறை அதிகம் சொல்கிறது. ஒரு தேங்காய் 35 என்றால் நான்கு எவ்வளவு என்று கேட்டதும், ஒரு சிறுவன் மூன்றுக்கு 105 என்பதிலிருந்து தொடங்கி, மேலே 30ஐயும் 5ஐயும் கூட்டி 140 என்றான். அதே 35ஐ 4ஆல் பெருக்கு என்று தாளில் கொடுத்தபோது, நாலஞ்சு இருபது, மீதி இரண்டு என்று தொடங்கி, அந்த இரண்டை மூன்றோடு கூட்டி ஐந்தாக்கி, அதை நான்கால் பெருக்கி, 200 என்று எழுதினான். தெருவில் 200 என்று சொல்லியிருந்தால் வாங்க வந்தவர் சண்டைக்கு வந்திருப்பார். அவனுக்கும் அது தெரியும். தாளில் அந்த எண் எதையும் குறிக்கவில்லை என்பதால் அது தவறு என்று உறுத்தவும் இல்லை.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டுவோர் பலர், குழந்தைக்குத் திறமை இருக்கிறது, பள்ளிதான் அதைக் கெடுக்கிறது என்ற முடிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐந்தே பேரை வைத்து அவ்வளவு பெரிய முடிவுக்கு வரக் கூடாது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2025இல் 'நேச்சர்' இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு அந்தக் குறையைப் போக்கியது. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 குழந்தைகள் சிக்கலான விற்பனைக் கணக்குகளை மனத்திலேயே சரியாகப் போட்டார்கள். பாடநூல் வடிவில் கேட்ட எளிய கணக்குகளில் தடுமாறினார்கள். ரெசிஃபேயின் முடிவு பேரளவில் உறுதியானது என்று கொள்ளலாம்.

புதிதாக வந்தது மறுபக்கம். அருகிலிருந்த பள்ளிகளில் படித்து, சந்தை அனுபவம் இல்லாத 471 குழந்தைகள் பாடநூல் கணக்குகளை இவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் வேலை செய்யும் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தீர்த்த ஒரு சந்தைக் கணக்கை அவர்களில் 1 விழுக்காட்டினர்தான் சரியாகப் போட்டார்கள். தாளில் எழுதி, சுற்றி வளைத்து, நேரத்தை இழந்தார்கள். ஆக, சந்தையில் கற்றது பள்ளிக்கு வரவில்லை. பள்ளியில் கற்றது சந்தைக்குப் போகவுமில்லை. வெளியுலகில் இருந்துவிட்டாலே பள்ளிக் கணிதம் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது பலத்த அடி. பள்ளிக் கணிதம் கற்றுவிட்டால் வாழ்க்கையில் பயன்படுத்தத் தானாகத் தெரிந்துவிடும் என்ற எதிர்நம்பிக்கைக்கும் அதே அளவு அடி விழுந்திருக்கிறது.

சந்தையே ஒரு சீரான பள்ளியுமில்லை. மும்பையின் தாராவியில் படித்துக்கொண்டே வேலை செய்யும் குழந்தைகளை ஆராய்ந்த அரிந்தம் போஸ், கே. சுப்ரமணியம் ஆகியோர், கிடைக்கும் கணித அறிவு வேலையின் தன்மையைப் பொறுத்து மாறுவதைக் கண்டார்கள். வாங்கி விற்று விலை பேசும் குழந்தைக்குக் கிடைக்கும் வாய்ப்பு, ஒரே வேலையை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் குழந்தைக்குக் கிடைப்பதில்லை.

அறிவு இடத்தோடு ஒட்டியதா?

ஏன் இந்த இடைவெளி? 1980களின் பிற்பகுதியில் ஜீன் லேவ், பல்பொருள் அங்காடிகளில் மக்கள் கணக்குப் போடும் விதத்தை ஆராய்ந்து, அறிவு என்பது அது பயன்படும் இடத்தோடும் மனிதர்களோடும் பின்னிக்கிடக்கிறது என்று வாதிட்டார். 1989இல் பிரவுன், காலின்ஸ், டுகிட் மூவரும் அதைப் பள்ளிக் கல்விக்குப் பொருத்தினார்கள். ஒரு தொழிலில் பழகுபவர் கற்பதுபோல் மெய்யான செயலுக்குள் இருந்துகொண்டே கற்க வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. இன்றைய வாழ்க்கைசார் கற்றல் இயக்கத்தின் கோட்பாட்டு அடித்தளம் பெரும்பாலும் இங்கிருந்தே வருகிறது.

1996இல் ஆண்டர்சன், ரீடர், ஹெர்பர்ட் சைமன் இதற்கு மறுப்பு எழுதினார்கள். அறிவு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது சில நேரம் நடக்கிறது, சில நேரம் நடப்பதில்லை. எப்படிக் கற்பித்தோம், எவ்வளவு பயிற்சி கொடுத்தோம் என்பதைப் பொறுத்தது அது. முழுச் செயலுக்குள் தள்ளாமல் கூறுகளைத் தனித்தனியே பயிற்றுவதும் பலனளிக்கும் என்றார்கள். 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும், புதிதாகக் கற்பவரின் குறுகிய நினைவாற்றலுக்கு வழிகாட்டலற்ற செயல்பாடு பெருஞ்சுமை என்று இன்னும் கடுமையாகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டே மேலோ-சில்வர் முதலானோர் பதிலளித்தார்கள்: நல்ல செயல்திட்ட வகுப்பு வழிகாட்டலற்றதே அல்ல, அங்கே ஆசிரியரின் துணை படிப்படியாகத் திட்டமிடப்பட்டிருக்கிறது.

இந்தப் பதில் நியாயமானது. ஆனால் அது ஒன்றை ஒப்புக்கொள்ளவும் செய்கிறது: பலன் தருவது மெய்யான செயல் மட்டுமில்லை, அதைச் சுற்றி ஆசிரியர் கட்டும் வழிகாட்டலும்தான். லேவ் தரப்பின் பலவீனம், தொடக்க வகுப்புக் குழந்தைக்குப் பழகுவதற்கென்று ஒரு தொழில் இன்னும் இல்லை என்பது. எதிர்த்தரப்பின் பலவீனமோ, கப்பல் தலைவரின் வயதைக் கணக்கிட்ட 76 குழந்தைகளுக்குத் தெளிவான விளக்கம் தராதது. அந்தக் குழந்தைகளுக்குக் கூட்டல் தெரியாமலில்லை.

உண்மைத்தன்மை எங்கே இருக்கிறது?

பாடநூலில் மாம்பழம், பேருந்து, சந்தை என்று எழுதிவிட்டால் கணக்கு வாழ்க்கைக் கணக்காகிவிடுமா? 1997இல் டிஃப்ராங்கோவும் குர்சியோவும் ஆறாம் வகுப்பு மாணவர் 20 பேரிடம் பேருந்துக் கணக்கொன்றைத் தாளில் கேட்டார்கள்: 328 பேரை ஏற்ற, 40 பேர் அமரும் பேருந்துகள் எத்தனை வேண்டும்? பொருத்தமான விடை தந்தவர் இருவர். பிறகு, ஒரு விருந்துக்கு ஆட்களை அழைத்துச்செல்லத் தொலைபேசியில் வண்டி ஏற்பாடு செய்யும் வேலையாக அதே வகைக் கணக்கைக் கொடுத்தபோது 16 பேர் பொருத்தமாக விடை சொன்னார்கள். அரை வண்டியை யாரும் வாடகைக்குத் தர மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. தாளில் அந்த அறிவுக்கு இடமில்லை என்று நினைத்திருந்தார்கள்.

நெதர்லாந்தில் ஹான்ஸ் ஃபிராய்டென்டால் தொடங்கிவைத்த கணிதக் கல்வி மரபு இதிலிருந்து நுட்பமான ஒரு பாடத்தை எடுத்தது. சூழல் குழந்தையின் மனத்தில் மெய்யாக இருந்தால் போதும், அது கடைத்தெருவாக இருக்க வேண்டியதில்லை. கற்பனைக் கதையும் உதவும். அந்த மரபில் பேருந்தில் ஏறி இறங்கும் பயணிகள் கூட்டல் கழித்தலுக்குத் தொடக்கமாகிறார்கள். முதலில் படம், பிறகு அம்புக்குறி, கடைசியில் வெறும் எண்கள் என்று சூழல் மெல்லக் கரைந்து குறியீட்டுக்கு வழிவிடுகிறது. சூழலைக் கொண்டுவருவதைவிட அதைக் கரைக்கும் முறையை யோசித்து வைத்திருப்பதே இந்த மரபின் பெரும் பங்களிப்பு என்பது என் மதிப்பீடு. அங்கும் எதிர்ப்பு வந்தது. பயிற்சியும் நேர்வழி முறைகளும் கைவிடப்பட்டன என்று கணித அறிஞர்கள் சிலர் குற்றம் சாட்டினார்கள். இரண்டு தரப்பையும் ஆராய்ந்த நெதர்லாந்து அரச அறிவியல் கழகத்தின் குழு, ஒரு முறை மற்றதைவிட மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று 2009இல் அறிக்கை தந்தது.

மெய்யான பொருளே சில நேரம் இடைஞ்சலாகவும் அமையும். 2009இல் நிக்கோல் மெக்நீல் குழுவினர் நான்காம் முதல் ஆறாம் வகுப்பு வரையிலான குழந்தைகளிடம், அச்சு அசலான நோட்டுகளையும் நாணயங்களையும் கொடுத்துப் பணக் கணக்குகளைத் தீர்க்கச் சொன்னார்கள். அந்தக் குழந்தைகள், அவை தரப்படாத மற்றவர்களைவிட அதிகத் தவறு செய்தார்கள். ஆனால் கணக்கின் பொருளையே பிழையாகப் புரிந்துகொள்ளும் வகைத் தவறுகள் அவர்களிடம் குறைந்திருந்தன. புரிதலுக்கு உதவும் பொருளே துல்லியத்தைக் குலைக்கிறது என்ற இந்த முடிவு, வகுப்பில் எதை எப்போது கொண்டுவருவது, எப்போது எடுத்து வைப்பது என்ற கேள்வியை ஆசிரியர் முன் வைக்கிறது.

வகுப்பறைச் சோதனைகள்

நேரடி வகுப்பறைச் சான்றுகள் எண்ணிக்கையில் குறைவு. சிகாகோ பள்ளிகளின் 3, 6, 8ஆம் வகுப்புகளில் ஆசிரியர்கள் கொடுத்த பயிற்சிகளை நியூமன், பிரைக், நகாவோகா மதிப்பிட்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில், மேற்சொன்ன மூன்று நிபந்தனைகளுக்கு நெருங்கிய பயிற்சிகளைப் பெற்ற வகுப்புகள், பொதுத் தேர்வுகளில் தேசியச் சராசரியைவிட 20 விழுக்காடு அதிக முன்னேற்றம் கண்டன. நல்ல ஆசிரியர்களே நல்ல பயிற்சிகளையும் கொடுத்திருக்கலாம் என்ற ஐயத்தை இதனால் தீர்க்க முடியவில்லை.

இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் அறிவியல் வாசிப்பு, எழுத்து பற்றி விக்டோரியா பர்செல்-கேட்ஸ், நெல் டியூக், மார்ட்டினோ ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மெய்யான வாசகருக்காக, மெய்யான தேவைக்காக எழுதிய வகுப்புகளில் குழந்தைகள் பல அளவைகளில் வேகமாக வளர்ந்தார்கள். எழுத்துவகையின் கூறுகளை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்ததால் வந்த கூடுதல் பயன் மிகச் சொற்பம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சீட்டுக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டது வெளிப்படையாகச் சொல்லித்தருதல் மட்டுமே. மெய்த்தன்மையின் அளவு வகுப்புக்கு வகுப்பு இயல்பாக மாறுபட்டதை ஆய்வாளர்கள் கவனித்துப் பதிந்தார்கள்.

இந்தக் குறையைக் களைந்த முயற்சி மிச்சிகன் மாநிலத்தில் நடந்தது. வருமானம் குறைந்த பகுதிகளின் 20 பள்ளிகளில் 48 இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினர் சமூக அறிவியலைச் செயல்திட்டங்கள் வழியாகக் கற்பித்தார்கள். உள்ளூர்ப் பூங்காவை மேம்படுத்த யோசனை எழுதி உள்ளாட்சியினரிடம் முன்வைப்பது அவற்றில் ஒன்று. டியூக் குழுவினர் 2021இல் வெளியிட்ட முடிவில், சமூக அறிவியலிலும் தகவல் வாசிப்பிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. எழுத்திலும் ஆர்வத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இந்த ஆசிரியர்களுக்கு 80 வகுப்புகளுக்கான விரிவான பாடக்குறிப்புகள் தரப்பட்டிருந்தன. அவற்றை நெருக்கமாகப் பின்பற்றிய வகுப்புகள் கூடுதலாக முன்னேறின. செயல்திட்டம் என்றால் குழந்தையின் போக்கில் விடுவது என்ற பொதுப் படிமத்துக்கு இது நேர்மாறு. குழந்தைக்கு ஆர்வம் வரும், அதனால் கற்கும் என்று ஆதரவாளர்கள் எப்போதும் முன்வைக்கும் காரணத்துக்கும் இங்கே ஆதாரம் கிட்டவில்லை; ஆர்வம் கூடாமலே கற்றல் கூடியிருக்கிறது.

இங்கிலாந்தில் 11, 12 வயது மாணவரிடம் நடந்து 2016இல் அறிக்கை வந்த செயல்திட்டச் சோதனை ஒன்றில் எழுத்தறிவில் பலன் தெரியவில்லை. ஏழை மாணவரிடம் பின்னடைவுக்கான அறிகுறியும் இருந்தது. பல பள்ளிகள் நடுவிலேயே விலகியதால் இதை உறுதியான முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் ஏழை மாணவர் பற்றிய அந்தக் குறிப்பு அடுத்த கேள்விக்குக் கொண்டுபோகிறது.

யாருடைய வாழ்க்கை?

இங்கிலாந்தின் தேசியத் தேர்வுகளை ஆராய்ந்த பேரி கூப்பரும் மைரீட் டனும் 2000இல் எழுதிய நூலில் மின்தூக்கிக் கணக்கு ஒன்று வருகிறது. ஒரு முறைக்கு 14 பேர் ஏறலாம். காலை நெரிசலில் 269 பேர் மேலே போக வேண்டும். எத்தனை முறை மின்தூக்கி ஏற வேண்டும்? எதிர்பார்க்கும் விடை 20. வாழ்க்கையை எண்ணிப் பின்னத்தை முழு எண்ணாக்க வேண்டும். ஆனால் சிலர் படியேறிப் போவார்கள், சில நேரம் மின்தூக்கி நிறையாமலே கிளம்பும் என்றெல்லாம் வாழ்க்கையை மேலும் கொஞ்சம் எண்ணினால் மதிப்பெண் போய்விடும். எவ்வளவு வாழ்க்கையை உள்ளே விடலாம் என்ற எழுதப்படாத விதி இங்கே இருக்கிறது. உழைக்கும் வர்க்கக் குழந்தைகள் இத்தகைய கணக்குகளில், வெறும் எண் கணக்குகளில் இருப்பதைவிட அதிகமாகப் பின்தங்கினார்கள் என்று அவர்கள் கண்டார்கள். எளியவர்களுக்கு உதவும் என்று கொண்டுவந்த வாழ்க்கைச் சூழலே அவர்களைப் பின்தள்ளியது.

அமெரிக்காவில் லிசா டெல்பிட் 1988இல் எழுதிய கட்டுரை இதையே மொழிப்பாடத்தில் சொன்னது. மேல்தட்டு வீட்டுக் குழந்தைக்குத் தரமொழியின் விதிகள் வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன; கறுப்பினக் குழந்தைக்குப் பள்ளியில் வெளிப்படையாகச் சொல்லித்தந்தால்தான் கிடைக்கும். எதிர்த்திசையில் லூயி மோல் முதலானோர் அரிசோனாவில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் விவசாயம், வணிகம், வீட்டு மருத்துவம் ஆகியவற்றை ஆசிரியர்களே வீடுவீடாகப் போய்த் தெரிந்துகொண்டு பாடமாக்கினார்கள். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கத் தேவையில்லை. குடும்பத்தின் அறிவை மதிப்பதும் அதிகாரத்தின் மொழியைக் கையளிப்பதும் ஒரே ஆசிரியரின் வேலையாக இருக்கலாம்.

தமிழ் வாசகர்க்கு இந்தக் கேள்வி புதிதன்று. 1953இல் சென்னை மாநில முதல்வர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளுக்கு 5 மணியிலிருந்து 3 மணியாகக் குறைத்து, இரண்டு முறைகளாகப் பிரித்தார். மீதி நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்பது திட்டம். இருக்கிற ஆசிரியர்களைக் கொண்டே கூடுதல் குழந்தைகளைச் சேர்க்கலாம் என்ற நிர்வாகக் காரணமும், வாழ்க்கையோடு இணைந்த கல்வி என்ற காந்திய நியாயமும் சொல்லப்பட்டன. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்து எதிர்த்தார்கள். தொழில் சாதியோடு கட்டப்பட்ட ஊரில், பெற்றோரின் தொழிலே பாடம் என்றால் வண்ணார் பிள்ளை வண்ணாராகவே நிற்கும் என்ற அந்த வாதத்துக்குப் பதிலிருக்கவில்லை. 1954இல் ராஜாஜி பதவி விலகினார்; காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது.

1965இல் ஃபிலிப் ஃபாஸ்டர் கானாவைப் பற்றி எழுதியதும் இதோடு சேர்த்துப் பார்க்கத்தக்கது. தொழிற்கல்வியை ஒதுக்கி ஏட்டுக் கல்வியைக் கேட்ட ஆப்பிரிக்கப் பெற்றோர் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை. நல்ல ஊதியம் எங்கே கிடைக்கிறது என்பதைச் சரியாகக் கணித்திருந்தார்கள். வார்தாவுக்கும் சென்னைக்கும் கானாவுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: வாழ்க்கைசார் கல்வி ஏழைக்கு மட்டும் என்று வரும்போது, அது அவர்களை இருக்கும் வாழ்க்கையிலேயே நிறுத்தும் கருவியாகப் பார்க்கப்படுகிறது. பெற்றோரின் அந்தப் பார்வையைக் கல்வியாளர்கள் இன்றும் போதிய அளவு மதிப்பதில்லை.

இன்றைய வகுப்பறை

2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியேயான வாழ்வோடு அறிவை இணைப்பதைத் தன் முதல் வழிகாட்டு நெறியாக வைத்தது. அதன்படி அனிதா ராம்பால் தலைமையில் உருவான தொடக்க வகுப்புக் கணக்கு நூல்களில், ஐந்தாம் வகுப்பு நூல் மீனவர் வாழ்வோடு தொடங்கியது. படகுகளின் வேகம், பிடித்த மீனின் எடை, கடனும் வட்டியும் கணக்காயின. செங்கல் அடுக்கும் கொத்தனாரின் வடிவ அறிவும் பாடமானது. உழைப்பவரின் அறிவைப் பாடநூலில் ஏற்றிய வகையில் இவை முன்னோடிகள். ஆனால் கடலையே பார்த்திராத வகுப்பில் ஆசிரியர் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு விடையைக் கரும்பலகையில் எழுதினால், அது மீண்டும் கப்பல் தலைவரின் வயதாகிவிடும்.

தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் விரிந்த செயல்வழிக் கற்றல், ரிஷிவேலி ஊரகக் கல்வி மையத்தின் அட்டை முறையிலிருந்து வளர்ந்தது. ஏணிப்படி, அட்டைகள், குழுக்கள் என்று குழந்தையைத் தன் வேகத்தில் நகரவிட்டது அதன் சாதனை. அது பெரும்பாலும் மேலே சொன்ன முதல் வகை. கற்கும் ஒழுங்கை மாற்றியது, கற்கும் பொருளை வெளியுலகிலிருந்து எடுப்பதைத் தன் முதல் இலக்காக வைக்கவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் இயக்கமும் அடிப்படைத் திறன்களையே குறிவைக்கிறது. இவற்றின் வெற்றி தோல்வியை வாழ்க்கைசார் கற்றலின் வெற்றி தோல்வியாக எழுதுவது பொருந்தாது.

தீராதவை

இவ்வளவு சான்றுகளுக்குப் பின்னும் சொல்ல முடிவது வரையறைக்குட்பட்டது. சூழல் இல்லாத கணக்குப் பொருளிழக்கிறது என்பது ஏறத்தாழ உறுதி. சூழல் மட்டும் பள்ளிக் கணிதத்தைத் தந்துவிடுவதில்லை என்பதும் இப்போது ஏறத்தாழ உறுதி. இடையில் இருப்பது, தேங்காய் விற்றவனின் 105ஐயும் 35ஐயும் எடுத்து, அதே வழியைத் தாளில் எழுதிக் காட்டி, தாளில் எழுதிய பெருக்கல் முறை ஏன் அதே விடையைத் தர வேண்டும் என்று அவனோடு பேசும் ஆசிரியரின் வேலை. அதற்கு எவ்வளவு நேரம் வேண்டும், எந்த வயதில் தொடங்கலாம், நாற்பது குழந்தைகளும் இரண்டு வகுப்புகளும் ஓர் ஆசிரியரிடம் இருக்கும் பள்ளியில் அது எந்த வடிவம் எடுக்கும் என்பவை திறந்தே இருக்கின்றன. கணக்கில் கண்டது மொழிக்கும் அறிவியலுக்கும் எவ்வளவு பொருந்தும் என்பதும் தெளிவாகவில்லை. மிச்சிகன் சோதனையைப் போன்றவை வெவ்வேறு பாடங்களிலும் நாடுகளிலும் நடக்காமல் இதில் முன்னேற முடியாது.

அளக்கும் முறையிலும் மாற்றம் வேண்டும். தாளில் மட்டும் சோதித்தால் சந்தைக் குழந்தை தோற்கும். சந்தையில் மட்டும் சோதித்தால் பள்ளிக் குழந்தை தோற்கும். தொடக்க வகுப்புகளுக்கு ஒரு புதிய செயல்பாட்டைப் பாடத்திட்டக் குழுவோ மாநிலக் கல்வியியல் நிறுவனமோ பரிந்துரைக்கும்போது, அதைச் செய்த குழந்தைகளை எழுத்துக் கணக்கிலும் நேரடிக் கொடுக்கல் வாங்கலிலும் சேர்த்தே சோதித்து, இரண்டு முடிவுகளையும் வெளியிட வேண்டும். அந்த இரட்டை அளவுகோல் வராதவரை எந்த முறையின் வெற்றி அறிவிப்பையும் ஆசிரியர்கள் பாதிச் சான்றாகவே எடுத்துக்கொள்ளலாம்.